மேற்குக் கரைப் புல்லெலி

நான் வைத்த புள்ளி தப்பு என்று அவன் சொன்ன அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. நான் கோபக்காரிதான். டெக்சாஸில் கேட்டி என்ற இந்த ஊரில், எங்கள் தெருவில் யாரிடம் விசாரித்தாலும் சொல்வார்கள். அதைப் பற்றி எனக்கு வெட்கம் கிடையாது.

முதலில் புள்ளி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கோலப் புள்ளி இல்லை, வரைபடப் புள்ளி. எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவேயில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போனால் ஒரு பல்கலைக்கழகம் வரும். அங்கே விலங்குகளின் தோல்களையும் மண்டையோடுகளையும் சேர்த்து வைத்திருக்கும் பெரிய கூடம் ஒன்று இருக்கிறது. ஜன்னல் இல்லாத அறை, வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். இழுப்பறையைத் திறந்தால் பஞ்சு அடைத்த எலிகள் குப்புறப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் பின்னங்காலிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு. எங்கே பிடித்தது, எந்த நாள், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், யார் பிடித்தது என்று மையில் எழுதியிருக்கும். எழுதியவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அந்தச் சீட்டைப் படித்து, அந்த இடம் உலக வரைபடத்தில் சரியாக எங்கே என்று கண்டுபிடித்து ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதுதான் என் வேலை.

என் பொறுப்பில் இருப்பவை தென் அமெரிக்காவின் புல்லெலிகள். உள்ளங்கையில் அடங்கும். பழுப்பு நிறம், குட்டை வால், சின்னக் காது. கொலம்பியா, வெனிசுவேலா பக்கத்து மலைகளில் தொடங்கிக் கீழே படகோனியா வரைக்கும் இருக்கின்றன. ஆண்டிஸ் மலையின் உச்சிப் புல்வெளியிலும் இருக்கும், ஈரக் காட்டிலும் இருக்கும், உருளைக்கிழங்கு வயல் ஓரத்திலும் இருக்கும். இதில் பல வகைகள் உண்டு. கொடுமை என்னவென்றால் முக்கால்வாசி வகைகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பல்லைப் பார்க்க வேண்டும், மண்டையோட்டை அளக்க வேண்டும், மரபணுவைப் படிக்க வேண்டும். அப்போதும் சண்டை போடுவார்கள். அதனால் பிடித்த இடம்தான் பாதி அடையாளம். இடம் தெரியாத எலி வெறும் பஞ்சு அடைத்த தோல்.

நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. மதுரையில் படித்து முதல் வகுப்பில் தேறினேன். கல்யாணம் ஆகி வந்தபோது என் விசாவில் வேலை செய்யக் கூடாது. க்ரீன் கார்டு வருவதற்குள் பதினோரு வருடம் போனது. அந்தப் பதினோரு வருடத்தையும் எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. கார்டு வந்த மறு மாதமே அந்தக் கூடத்துக்குப் போய்க் கதவைத் தட்டினேன். சம்பளமில்லாத வேலைதான் இருக்கிறது என்றார்கள். சரி என்றேன். இரண்டு வருடம் கழித்து வாரத்துக்கு மூன்று நாள் வேலை கொடுத்தார்கள்.

கேட்டியில் என் தோழிகளுக்கு இது பெரிய வேடிக்கை. ஒரு பிறந்தநாள் விழாவில், கையில் பிரியாணித் தட்டோடு ஒருத்தி ஆரம்பித்தாள்.

"என்ன எலி மேடம், இன்னிக்கு எத்தனை பிடிச்சீங்க?"

"நான் பிடிக்கறதில்ல. எல்லாம் செத்து அறுபது எழுபது வருஷம் ஆச்சு."

"செத்த எலிக்கா ஒன்றரை மணி நேரம் டிரைவ் பண்றீங்க? எங்க கராஜ்லயே ரெண்டு உசுரோட இருக்கு, வந்து பாருங்களேன்."

"வந்து பாக்கறேன். உங்க கராஜைப் பார்த்தா எனக்கு அதுங்க மேல பரிதாபம் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். அடுத்த முறை என்னைக் கூப்பிடவில்லை. போகட்டும்.

இப்படியே நான்காவது வருடம் போய்க்கொண்டிருந்தபோது அவன் வந்தான். சென்னைப் பையன். வேறொரு மாநிலத்தில் பிஎச்.டி. முடித்துவிட்டு எங்கள் கூடத்துக்கு ஆராய்ச்சிக்காக வந்திருந்தான். புல்லெலிகளில் எது எதிலிருந்து பிரிந்தது, எது எதற்குப் பங்காளி என்று உறவு மரம் போடுவது அவன் வேலை. காய்ந்த எலியின் கால் விரலிலிருந்து ஒரு துணுக்குத் தோலை வெட்டி எடுத்து அதில் மரபணுவைப் படிப்பான். கெட்டிக்காரன்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வந்த முதல் நாளே என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டான். அங்கே மற்ற எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். என்னைவிட வயதில் மூத்த வெள்ளைக்காரப் பொறுப்பாளர் அம்மாவைக்கூடப் பெயர் சொல்லித்தான். எனக்கு மட்டும் ஆன்ட்டி.

வந்து ஆறு மாதம் ஆனபின் ஒரு செவ்வாய்க்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"ஆன்ட்டி, ஒரு சின்ன விஷயம். இந்தப் புள்ளி நீங்க போட்டதா?"

அவன் திரையில் காட்டியது பெருவில் ஒரு ஆறு. கட்டுரை இன்னும் வெளிவராததால் பெயர் சொல்ல மாட்டேன். ஆறு ஒரு பெரும் பள்ளத்துக்குள் ஓடுகிறது. பள்ளத்தின் அடியில் வெயிலும் கள்ளிச் செடியும்தான். புல்லெலி அங்கே வாழாது. மேலே இரண்டு பக்கமும் குளிர்ந்த புல்வெளி. கிழக்குக் கரையில் ஒரு வகைப் புல்லெலி, மேற்குக் கரையில் அதன் பங்காளி வகை. இந்தப் பள்ளம்தான் இரண்டையும் பிரித்தது என்பது அவன் கட்டுரையின் உயிர். நான் மேற்குக் கரையில் வைத்திருந்த புள்ளி ஒன்றின் எலி, மரபணுவில் கிழக்குக் கூட்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

"ஆமா, நான் போட்டதுதான்."

"தப்பா இருக்கு ஆன்ட்டி. சீட்டுல 'ஊருக்குக் கிழக்கே பதினாலு கிலோமீட்டர்'னு இருக்கு. சாஃப்ட்வேர்ல போட்டா நேரா ஆத்தைத் தாண்டிக் கிழக்குக் கரையில விழுது. ஹைட்டும் மேட்ச் ஆகுது. ட்ரீயும் கிழக்குன்னுதான் சொல்லுது. நீங்க மட்டும் மேற்குல போட்டிருக்கீங்க."

"சாஃப்ட்வேர் நேர்கோடு போடும். எலி பிடிச்ச அந்த மனுஷன் நேர்கோட்டுலயா போனான்? கோவேறு கழுதை மேல போனான். மலைப்பாதை எப்படி வளையுதோ அப்படித்தான் பதினாலு கிலோமீட்டர். அந்தப் பாதையில அளந்து பாரு, ஆத்துக்கு இந்தப் பக்கமே முடிஞ்சிரும்."

"அப்படி அவரே எங்கயாவது எழுதி வெச்சிருக்காரா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி ஆன்ட்டி? அது உங்க அஸம்ப்ஷன்." பிறகு கேட்டான்: "எல்லாத்தையும் இப்படித்தான் பாதையில அளந்தீங்களா?"

"மலையில பிடிச்சது எல்லாத்தையும்."

அவன் முகம் மாறியது. அன்று சாயங்காலமே பொறுப்பாளர் அம்மாவிடம் போய்விட்டான். அவர் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மூன்று வாரம் தருகிறேன் என்றார். என் அளவு முறைக்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால், நான் வைத்த மலைப் புள்ளிகள் அத்தனையும் எடுக்கப்பட்டு சாஃப்ட்வேர் சொல்லும் புள்ளிகள் வைக்கப்படும். நான்கு வருட வேலை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பழைய வரைபடம் தேடி, பாதை தேடி, நூல் வைத்து வளைத்து அளந்தவை.

நான் இதை எங்கே கற்றேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் வத்தலக்குண்டுக்காரி. எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானலுக்கு வரைபடத்தில் கோடு போட்டால் கைக்கெட்டும் தூரம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி, இரண்டு பேராவது வாந்தி எடுத்தபிறகுதான் வரும். அந்த ரோட்டில் கல்லில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எல்லாம் ரோட்டின் கிலோமீட்டர். மலையில் கிலோமீட்டர் என்றால் அதுதான். சமவெளியில் கடலோரத்தில் வளர்ந்தவனுக்கு இது உறைக்காது.

கோபத்தில் நான் செய்த முதல் காரியம், என் புள்ளிகளை எல்லாம் நானே மறுபடி சோதித்தது. தப்பு ஏதாவது இருந்தால் அவனுக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வீம்புதான். இரண்டாவது வாரம் அகப்பட்டது. பிற்காலத்து ஆள் ஒருவர், சிறு விமானத்தில் பறந்து போய் எலி பிடித்தவர், தூரத்தை வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்துதான் எழுதியிருக்கிறார். பொலிவியாவில் அவர் பிடித்த பதினொரு எலிகள். அவற்றை நான் பாதையில் வளைத்து அளந்து வேறு பள்ளத்தாக்கில் வைத்திருந்தேன். பதினொன்றும் தப்பு. என் தப்பு.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் எண்ணெய்க் கம்பெனியில் பொறியாளர். சோபாவில் படுத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஏன் சொல்ற? சைலண்டா திருத்திட்டுப் போ."

"நான் என்ன திருடியா?"

"ஏய், இருக்கற நிலைமைக்கு நீயே போய்க் கழுத்தை நீட்டறேங்கறியே. எலிக்காக யாராவது இப்படி மல்லுக்கு நிப்பாங்களா?"

"எலிக்காக இல்ல."

"பின்ன?"

"எனக்காக."

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அது பெரிய மரியாதை.

மறுநாள் காலையில் பொறுப்பாளர் அம்மாவிடம் போய்ப் பதினொன்று தப்பு, இதுதான் காரணம், திருத்திய புள்ளிகள் இவை என்று காகிதத்தை நீட்டினேன். அவர் படித்துவிட்டு, இது உங்களுக்கு உதவாது என்று தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். அந்தப் பையனும் அங்கேதான் நின்றிருந்தான். அவன் பார்வையில் பரிதாபம் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் அந்தப் பதினொன்றால் ஒரு புத்தி வந்தது. விமானத்து ஆளின் அளவு முறை எனக்குத் தெரிந்தது சீட்டிலிருந்து இல்லை, அவருடைய நாட்குறிப்பிலிருந்து. அப்படியென்றால் கழுதையில் போனவருக்கும் நாட்குறிப்பு இருந்திருக்கும். எலி பிடிக்கப் போகிற எவரும் நோட்டுப் புத்தகம் இல்லாமல் போவதில்லை. எங்களிடம் அது இல்லை. பல ஊர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். கடைசியில் வேறொரு மாநிலத்துச் சேகரிப்பில் அவருடைய பெட்டி ஒன்று இருப்பதாகப் பதில் வந்தது. யாரும் திறந்து பல காலம் ஆனதாம். அந்த மாதத்துப் பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுகிற ஆள் இல்லை. அன்று கெஞ்சினேன்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. பொறுப்பாளர் அம்மா முடிவு சொல்லும் கூட்டம் திங்கட்கிழமை. நான் இந்தியக் கடையில் வாரத்துச் சாமான் வாங்கிவிட்டு வெளியே காருக்கு வந்தேன். ஃபோனைப் பார்த்தால் நாற்பத்துமூன்று படங்கள். வண்டியைக் கிளப்பவே இல்லை. டெக்சாஸ் வெயிலில், பின்னால் உறைந்த தேங்காய்த் துருவல் கரைந்துகொண்டிருக்க, கோழிக் கிறுக்கலான அந்தக் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். இருபத்தேழாவது படத்தில் அவர் இப்படி எழுதியிருந்தார்.

மழை. ஆற்றின் மேல் இருந்த தொங்கு பாலம் போன வாரமே அடித்துக்கொண்டு போய்விட்டதாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அக்கரைக்குப் போக வழியில்லை. பாதை ஆற்றுக்கு இறங்கத் தொடங்கும் இடத்தில், புல்மேட்டில் கூடாரம் போட்டிருக்கிறேன். ஊரிலிருந்து கழுதையில் ஐந்து மணி நேரம், பதினான்கு கிலோமீட்டர். ஆறு நாள் இங்கேயே பொறி வைக்கப்போகிறேன். அதற்குக் கீழே, அந்த நாட்களில் பிடித்த எலிகளின் எண்களும் அளவுகளும். ஐந்து எலிகள். மூன்றாவது எண் எங்கள் இழுப்பறையில் கிடக்கும் அதே எண். வால் நீளம்கூட எழுதியிருந்தார்.

காருக்குள் உட்கார்ந்து சத்தமாகக் கத்தினேன். பக்கத்தில் தள்ளுவண்டியோடு போன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டேன். படிக்க விட்டேன். பொறுப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு இரண்டாம் முறை படித்தார். பிறகு, மலைப் புள்ளிகள் இருந்தபடியே இருக்கட்டும், சாஃப்ட்வேரைத்தான் திருத்த வேண்டும் என்றார். அவ்வளவுதான். நான்கு வருடம் பிழைத்தது.

அவன் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் முடிந்து என் மேசைக்கு வந்தான்.

"ஆன்ட்டி, சீட்டு மாறியிருக்க சான்ஸ் இருக்கா?"

"அதே கூடாரத்துல பிடிச்சது இன்னும் நாலு இருக்கு. நாலுலயும் தோலை வெட்டிப் படி. சந்தேகம்னா என்கிட்ட ஏன் கேக்கற, எலிகிட்ட கேளு."

"நாலும் கிழக்குக் கூட்டம்னு வந்தா என் பேப்பர் காலி ஆன்ட்டி. பள்ளம்தான் பிரிச்சதுன்னு ரெண்டு வருஷமா எழுதிட்டிருக்கேன்."

அப்போதுதான் முதல் முறையாக அவன் சின்னப் பையனாகத் தெரிந்தான். நான்கு வருடம் போனால் எப்படி இருக்கும் என்று மூன்று வாரமாக எனக்குத் தெரியும். ஆனாலும் ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வரைபடத்தை அவன் பக்கம் திருப்பினேன்.

"இங்க பாரு. ஆறு இந்த இடத்துல பள்ளம். இப்படியே மேல மேல போ. எங்க ஆரம்பிக்குது? இந்த ஏரி ஓரத்துல. அங்க அது ஆறா? வாய்க்கால். ரெண்டு பக்கமும் ஒரே புல். எலி எதுக்குப் பள்ளத்தைத் தாண்டணும்? மேல போய்ச் சுத்திக்கிட்டு இந்தக் கரையில இறங்கியிருக்கும்."

"ஒரு எலி போகாது ஆன்ட்டி. தலைமுறை தலைமுறையா..."

"தெரியும். நானும் எம்.எஸ்ஸி. படிச்சவதான்."

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். ஆறு மாதமாக ஒரே அறையில் இருக்கிறோம், அவனுக்கு இது தெரியாது. கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அடுத்த இரண்டு மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. நான்கு எலிகளும் கிழக்குக் கூட்டம் என்றே வந்தன. ஏரிக்குப் பக்கத்தில் வேறு யாரோ பிடித்த எலிகளை இன்னொரு சேகரிப்பிலிருந்து வரவழைத்தான். அவையும் அதே கூட்டம். ஆற்றின் தலைமாட்டில் தொடங்கி மேற்குக் கரையில் ஒரு நாக்கு போலக் கீழே இறங்கி வந்திருக்கிறது அந்தக் கூட்டம். அந்த நாக்கின் நுனியில் இருக்கிறது என் புள்ளி. மேற்குக் கரையின் பழைய பங்காளி வகை அதற்கும் தெற்கே ஒதுங்கியிருக்கிறது. இரண்டையும் பிரித்தது அந்தப் பள்ளம் இல்லை என்று அவனே எழுதினான். பழைய கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினான். அதற்குத் தைரியம் வேண்டும். அதை அவனிடமே சொன்னேன். அவனுக்கு ஆச்சரியம்.

கட்டுரை முடிந்ததும் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். நன்றி சொல்லும் இடத்தில் பொறுப்பாளர், ஆய்வகம், பல்கலைக்கழகம், எல்லாருக்கும் பிறகு என் பெயர்.

"நன்றி வேண்டாம்," என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, நீங்க இவ்ளோ ஹெல்ப்..."

"ஹெல்ப் இல்ல. வேலை. அந்தப் புள்ளி யாரோடது? சுத்தி வந்திருக்கும்னு சொன்னது யாரு? எழுதினவங்க பேர் வரிசையில போடு. முடியாதுன்னா இதையும் எடுத்துரு."

அவன் பொறுப்பாளர் அம்மாவிடம் போனான். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? இதைக் கேக்க எனக்கு ஏன் இவ்ளோ நாள் ஆச்சுன்னு திட்டினாங்க. நீங்க செகண்ட் ஆத்தர். பேரை எப்படிப் போடணும், டைப் பண்ணிக் குடுங்க ஆன்ட்டி."

இங்கேதான் எனக்கு ஒரு வினை வந்தது. நம் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. என் பெயர், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வரும்போது கடைசிப் பெயர் கட்டத்தில் கணவர் பெயரை நிரப்பி அனுப்பினார்கள். கட்டுரைகளில் யாரையும் கடைசிப் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். அப்படிப் போட்டால், நாளைக்குப் பெருவில் எவனாவது இந்த எலியைப் பற்றி எழுதும்போது, கழுதைப் பாதையில் நூல் வைத்து அளந்தது என் கணவர் என்று ஆகிவிடும். அவருக்கு எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறத்தான் தெரியும்.

டிரைவிங் லைசென்ஸில் என்ன இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை என்று சொல்லி, கடைசிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரை டைப் செய்தேன். முன்னால் அப்பாவின் எழுத்து ஒன்று. வேறு எதுவும் இல்லை.

அன்று வீட்டில் அதைக் காட்டினேன். கணவர் திரையை நெருங்கிப் பார்த்தார்.

"எங்க, என் பேரையே காணோம்?"

"நீங்க எந்த எலியை அளந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல." இன்னொரு முறை படித்தார். "இதை எனக்கு ஃபார்வர்ட் பண்ணு. ஆஃபீஸ்ல காட்டணும்."

அனுப்பினேன். மறுநாள் மத்தியானத்துக்குள் கேட்டியில் பாதிப் பேருக்குப் போயிருந்தது. நான் யாருக்கும் பதில் எழுதவில்லை. பொலிவியாவின் அடுத்த இழுப்பறையில் முந்நூறு சீட்டுகள் காத்திருந்தன.